நாற்பத்திரண்டு சீட்டு

போன மாதம் திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள், ஒன்பதாம் வகுப்பு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடமாக்கும் என்று எட்டிப் பார்த்தால், நான் எப்போதோ கொடுத்துவிட்டு வந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். “சித்தி, காட்னிஸுக்கு 20 சீட்டு, அது சரியா வருது. கேலுக்கு 42 எப்படி? பிரின்ட்டிங் மிஸ்டேக்கா?”

இந்தப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஒருமுறைகூட அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

(இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன். 2008-இல் வந்த புத்தகம், இனியும் என்னால் ரகசியம் காக்க முடியாது.)

கதையின் ஏற்பாடு இதுதான். வட அமெரிக்கா அழிந்துபோன இடத்தில் பானெம் என்றொரு நாடு. நடுவில் செல்வம் கொழிக்கும் தலைநகரம், கேப்பிட்டல். அதைச் சுற்றி அதற்காகவே உழைக்கிற 12 மாவட்டங்கள். முன்பு ஒருமுறை மாவட்டங்கள் கலகம் செய்து தோற்றன, அதற்குத் தண்டனையாக வருஷா வருஷம் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து ஒரு களத்தில் இறக்கிவிடுவார்கள். ஒருத்தர் மட்டும் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வேண்டும். மொத்த நாடும் அதை டிவியில் பார்த்தே ஆக வேண்டும்.

சட்டப்படி 12 வயதில் ஒரு சீட்டு, 13-இல் இரண்டு, இப்படியே 18 வயதில் ஏழு. இதுவரைக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். ஆனால் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்றால் கூடுதலாக ஒரு சீட்டு போட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைவயிற்றுக்கு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. போட்ட சீட்டு அந்த வருஷத்தோடு போகாது, அடுத்த வருஷக் கணக்கிலும் ஏறும். கதையின் நாயகி காட்னிஸ், 12-ஆம் மாவட்டத்துப் பெண். அவள் அப்பா நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் செத்துப்போனார். அம்மா, தங்கை, தான், மூன்று பேருக்கும் மூன்று, கட்டாயச் சீட்டு ஒன்று, ஆக வருஷத்துக்கு நாலு. 12 வயது முதல் 16 வரை ஐந்து வருஷம், 20. அவளோடு வேட்டைக்குப் போகிற நண்பன் கேல், அவன் வீட்டில் ஐந்து பேர். வருஷத்துக்கு ஆறு. அவனுக்கு 18 வயது, ஏழு வருஷம். 42.

பென்சில் நின்றது. “அப்ப பசிக்கப் பசிக்க பேர் ஏறிக்கிட்டே போகுது.” ஆமாம். “வசதியான வீட்டுப் பிள்ளைங்க பேர் வரவே வராதா?” வரலாமே, அவர்களுக்கும் சீட்டு இருக்கிறதே! அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் கை விடுகிறவர் யாரையும் குறிவைத்து எடுக்கவில்லை. குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது. குடவோலை முறையைப் பற்றி, பானையில் ஓலை போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னதைப் பற்றி, பள்ளிப் புத்தகத்தில் பெருமையாகப் படித்திருக்கிறோம் இல்லையா, சீட்டு என்றாலே நமக்கு ஒரு நியாயம் தோன்றிவிடும். எந்த ஓலை, யார் பேரில், எத்தனை ஓலை என்று கேட்கத் தோன்றாது.

கேல் காட்டுக்குள் நின்று இதற்காகத்தான் கத்துகிறான். இந்தத் தானியத் திட்டமே சுரங்கத் தொழிலாளிகளுக்கும் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் நடுவில் பகையை மூட்டத்தான் என்கிறான். காட்னிஸ் காதில் வாங்கிக்கொண்டு மேலே வேலையைப் பார்க்கிறாள், காட்டில் நின்று கத்தி என்ன ஆகப்போகிறது என்று. எனக்கு அவளை அந்த இடத்தில்தான் ரொம்பப் பிடித்தது. புரட்சிக்காரி இல்லை. இன்றைக்கு அடுப்பில் வைக்க முயல் கிடைக்குமா என்று பார்க்கிறவள்.

இதில் பெரிய கொடுமை, தங்கை பிரிமுக்கு அப்போதுதான் 12 வயது. அவள் பேரில் கூடுதல் சீட்டு ஒன்றுகூடப் போடக் காட்னிஸ் விடவில்லை. ஆக அவளுக்கு ஒரே ஒரு சீட்டு. அதுதான் வருகிறது. அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று காட்னிஸ் முன்னால் வந்து நிற்கிறாள்.

எழுதிய சூசன் காலின்ஸ் அதற்கு முன்னால் குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு ராத்திரி சேனல் மாற்றிக்கொண்டே இருந்தபோது ஒன்றில் இளைஞர்கள் மோதும் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சி, தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோனதில் பிறந்ததுதான் இந்தக் கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பா அமெரிக்க விமானப் படையில் இருந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர். கூடவே கிரேக்கக் கதை ஒன்று: ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவுக்கு மினோட்டாருக்கு இரையாக அனுப்ப வேண்டும். நமக்கு இதைக் கேட்டதும் பகாசுரன்தான் ஞாபகம் வருவான். ஏகசக்கர நகரத்தில் முறை வைத்து வண்டிச் சோறு, இரண்டு எருமை, கூடவே ஒரு மனுஷன். குந்தி தங்கியிருந்த வீட்டின் முறை வரும்போது அப்பா நான் போகிறேன் என்கிறார், அம்மா நான் என்கிறாள், மகள் நான் என்கிறாள். பேசவே இப்போதுதான் பழகுகிற சின்னப் பையன் ஒரு புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, இதாலேயே அந்த ராட்சசனைக் கொன்னுடறேன் என்பான். எல்லோரும் அழுகையினூடே சிரித்துவிடுவார்கள். ஆனால் ஏகசக்கரத்துக்கு பீமன் வந்தான். பானெமில் பீமன் யாரும் கிடையாது, வந்திருந்தாலும் அவனுக்கு மேக்கப் போட்டு நேர்காணலில் உட்கார வைத்திருப்பார்கள்.

சரி, களத்துக்கு வருவோம். முதல் புத்தகத்தில் சண்டைகளைவிட எனக்குப் பிடித்தது பாராசூட்தான். பார்வையாளர்களில் பணக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த போட்டியாளருக்குக் காசு கட்டி ஏதாவது அனுப்பலாம், சின்ன வெள்ளிப் பாராசூட்டில் வந்து இறங்கும். என்ன, எப்போது என்று தீர்மானிப்பவர் ஹேமிட்ச், அதே மாவட்டத்திலிருந்து முன்பு ஜெயித்தவர், எந்நேரமும் குடி. காட்னிஸ் தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் என்று வாய்விட்டுக் கேட்கிறாள். வரவில்லை. இந்த ஆள் என்னைச் சாகவிடுகிறாரா என்று முதலில் கோபம். அப்புறம் உறைக்கிறது: அனுப்பாததற்கு ஒரே காரணம், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. எழுந்து நடக்கிறாள், சேற்றில் விழுகிறாள், அந்தச் சேறுதான் குளத்தின் கரை. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொள்கிற மாதிரி.

பின்னால் குகைக்குள் அடிபட்டுக் கிடக்கிற பீட்டாவுக்கு, அவள் மாவட்டத்திலிருந்தே சீட்டு விழுந்து வந்த பையனுக்கு, அவள் ஒரு முத்தம் கொடுத்ததும் வாசலில் ஒரு பாத்திரம் சூப் வந்து இறங்குகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது, ஒரு முத்தம், ஒரு பாத்திரம் சூப். நேயர்களுக்குக் காதல் வேண்டும். அதற்கப்புறம் அவள் அவன் தலையைக் கோதும்போது அது பாசமா பசியா என்று அவளுக்கே தெரியாது, படிக்கிற நமக்கும் தெரியாது. காட்னிஸ், பீட்டா, கேல் முக்கோணக் காதல் கதை என்று இதைப் பலர் ஒதுக்கிவிடுவது எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் காதல் கதையே கேமராவுக்காகப் போட்ட செட்டு ஐயா, அதைத்தானே ஆசிரியர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்!

2012-இல் வந்த படத்தில் புத்தகத்தில் இல்லாத காட்சி ஒன்று இருக்கிறது. அதிபர் ஸ்னோ தன் ரோஜாத் தோட்டத்தில் செடியைக் கத்தரித்துக்கொண்டே போட்டி நடத்துகிறவனிடம் கேட்கிறார்: பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால் 24 பேரையும் ஒரேயடியாக நிறுத்திச் சுட்டுவிடலாமே, எதற்கு ஒரு வெற்றியாளர்? பதிலையும் அவரே சொல்கிறார், நம்பிக்கை. கொஞ்சம் இருந்தால் நல்லது, அளவு மீறினால் ஆபத்து. அதாவது, தானியமும் எண்ணெயும் அளந்து போடுகிற அதே கை இதையும் அளந்துதான் போடுகிறது. நம்பிக்கையும் ரேஷன் பொருள்தான்.

அளவு மீறுகிற இடம் ரூவின் சாவு. 11-ஆம் மாவட்டம், விவசாயம் பார்க்கிற ஊர், 12 வயதுப் பெண். அவள் உடலைச் சுற்றிக் காட்னிஸ் காட்டுப் பூக்களை வைக்கிறாள். கேமராவை வேறு பக்கம் திருப்பினாலும் உடலை எடுக்க வரும்போது காட்டித்தானே ஆக வேண்டும் என்று அப்போதும் கணக்குப் போடுகிறாள். பிறகு ஒரு பாராசூட் வருகிறது, உள்ளே ஒரு ரொட்டி, 11-ஆம் மாவட்டத்து ரொட்டி. பசித்த சனம் ரூவுக்காகக் காசு சேர்த்து வாங்கியது, அவள் போனபின் பக்கத்து மாவட்டத்துப் பெண்ணுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்குச் சோறு போட்டது அதுவரை நடந்ததே இல்லை.

மூன்று விரல் கதை தெரிந்திருக்கும். இடது கையின் நடு மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்து உயர்த்துவது, 12-ஆம் மாவட்டத்தில் சாவு வீடுகளில் எப்போதாவது பார்க்கக் கிடைக்கிற பழைய வழக்கம். நன்றி, மரியாதை, பிரியமானவருக்கு விடை. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பாங்காக் வீதிகளில் ஜனங்கள் அந்த மூன்று விரலை உயர்த்தினார்கள். கூட்டமாக நின்று உயர்த்தினால் கைது என்று ராணுவம் அறிவித்தது. அந்த நவம்பரில் கோன் கேன் என்கிற ஊரில் ஐந்து மாணவர்கள் பிரதமர் பிரயுத் மேடையில் பேசும்போதே அவர் எதிரில் போய் நின்று விரலைத் தூக்கினார்கள், உடனே பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் வந்தபோது டாக்டர்களும் நர்சுகளும் அதையே செய்தார்கள். அந்த நாட்டின் ஐ.நா. தூதர் க்யாவ் மோ துன், பொதுச் சபையில் தன் நாட்டு ராணுவத்துக்கு எதிராகவே பேசி முடித்துவிட்டு மூன்று விரலை உயர்த்தினார். ஒரு இளையோர் நாவலில் பெயர் தெரியாத கூட்டம் செய்த சைகை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2013-இல் இரண்டாம் படம் வந்தபோது கவர்கேர்ள் நிறுவனம் கேப்பிட்டலின் பெயரிலேயே ஒரு மேக்கப் வரிசை இறக்கியது. சப்வே கடைகளில் படத்தின் பெயரைச் சொல்லி சாண்ட்விச் விற்றார்கள். பட்டினியைப் பற்றிய கதைக்கு சாண்ட்விச் விளம்பரம்! ஸ்னோ பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

மூன்றாவது புத்தகம் ‘மாக்கிங்ஜே’ பலருக்குப் பிடிப்பதில்லை. இருட்டு, மெதுவாகப் போகிறது, நாயகி பாதிப் புத்தகம் மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள் என்பார்கள். என்னைக் கேட்டால் மூன்றிலும் அதுதான் உசத்தி. அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட 13-ஆம் மாவட்டம் பூமிக்கடியில் இருக்கிறது. கலகக்காரர்கள், நல்லவர்கள். காலையில் கையைச் சுவரில் உள்ள இயந்திரத்துக்குள் விட்டால் அன்றைய கால அட்டவணை ஊதா மையில் கையில் பதியும்: இத்தனை மணிக்குச் சாப்பாடு, இத்தனை மணிக்கு வேலை, இத்தனை மணிக்குக் குளியல். சாப்பாடு கிராம் கணக்கில். தலைவி காயின், தலைமுடி ஒரு இழைகூடக் கலையாதவர். இங்கேயும் முதல் வேலையாகக் காட்னிஸுக்கு மேக்கப் போட்டு கேமரா முன்னால்தான் நிறுத்துகிறார்கள். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த வசனத்தை அவள் ஒப்பிப்பதைப் பார்த்து ஹேமிட்ச் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சரி, நிஜப் போர்க்களத்துக்கே கொண்டுபோய் விடுவோம் என்று முடிவு செய்கிறார்கள். குண்டு விழுந்து எரிகிற ஆஸ்பத்திரி முன்னால் நின்று அவள் நிஜமாகவே கதறுகிறாள், அது அன்றைக்கே இசை சேர்த்து, வெட்டி ஒட்டி, ஒளிபரப்பாகிறது. அவள் அழுகை பொய்யில்லை. அதுதான் பிரச்சினையே.

ஒரு காட்சி. கேப்பிட்டல் குண்டு போடுகிறது, எல்லோரும் பதுங்கு குழியில். பிரிமின் பூனைக்கு விளையாட்டுக் காட்டக் காட்னிஸ் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் ஓடவிடுகிறாள். பூனை பாய்ந்து பாய்ந்து பிடிக்கப் பார்க்கிறது, சுற்றி எல்லோரும் சிரிப்பு. டார்ச்சை அணைத்தால் பூனை கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். வெளிச்சத்தை அணைக்காமல், எட்டவே எட்டாத உயரத்தில் சுவரில் வைத்தால்தான் அது பைத்தியம் பிடித்துச் சுற்றும். அங்கே அவளுக்குச் சட்டென்று உறைக்கிறது: நான்தான் அந்தப் பூனை, ஸ்னோ கையில் டார்ச், வெளிச்சம், கேப்பிட்டலிடம் பிடிபட்டிருக்கிற பீட்டா. அவனைக் கொல்லமாட்டார்கள். டிவியில் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெலிந்தவனாகக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பூனையிடம் இதே விளையாட்டுதான் நடக்கும், அந்தப் பக்கத்தைப் படித்தபிறகு எனக்கு அதில் பழைய சிரிப்பு வருவதில்லை.

கடைசியில் பீட்டா மீட்கப்படுகிறான், ஆனால் குளவி விஷம் ஏற்றி அவன் நினைவுகளையே திரித்துவிட்டிருக்கிறார்கள். காட்னிஸைப் பார்த்ததும் கழுத்தை நெரிக்கிறான். எது நடந்தது, எது புகுத்தப்பட்டது என்று தெரியாமல் கூட இருக்கிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டு மீள்கிறான்: உனக்குப் பிடித்த நிறம் பச்சை, நிஜமா, நிஜமில்லையா? இவ்வளவு சின்ன விஷயத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அக்கா மகள் இந்தப் புத்தகத்தை முடித்த அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் அடித்தாள். பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிரிம் செத்துப்போனாள் என்று புரிந்துகொண்டேன். “அவளைக் காப்பாத்தத்தானே சித்தி எல்லாமே ஆரம்பிச்சுது.” போர் முடிகிற நேரம், கேப்பிட்டல் குழந்தைகள் அடைக்கப்பட்டிருக்கிற இடத்தில் வெள்ளிப் பாராசூட்டுகள் இறங்குகின்றன. சாப்பாடு என்று நினைத்துக் குழந்தைகள் கை நீட்டுகிறார்கள். வெடிக்கிறது. காப்பாற்ற மருத்துவக் குழு ஓடிவந்ததும் மிச்சமும் வெடிக்கிறது. அந்தக் குழுவில் பிரிம். முதல் புத்தகத்தில் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்த அதே பாராசூட். காலின்ஸ் மேல் எனக்கு அந்த இடத்தில் நிஜமாகவே கோபம் வந்தது.

“யார் போட்டது? ஸ்னோவா, காயினா? சொல்லுங்க.” ஸ்னோ தான் இல்லை என்கிறார், பொய் சொல்வதில் பழுத்த ஆள். இரண்டு தடவை வெடிக்கிற உத்தி கேல் யோசித்தது மாதிரியே இருக்கிறது, அவனுக்கே நிச்சயமில்லை. யாரும் கடைசிவரை ஒப்புக்கொள்வதில்லை. காயின், ஜெயித்த கையோடு, கேப்பிட்டல் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று ஓட்டெடுப்பு வைக்கிறார். காட்னிஸ் சரி என்கிறாள். ஸ்னோவைச் சுட அம்பைக் கையில் கொடுக்கும்போது வில்லை மேலே திருப்பிக் காயினை அடிக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பப் படி என்றேன். “போங்க சித்தி” என்று வைத்துவிட்டாள்.

இப்போது அவள் கையில் இருப்பது 2025-இல் வந்த ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’. ஹேமிட்ச் 16 வயதில் போன 50-வது போட்டி, அந்த வருஷம் இரட்டிப்பாக 48 பேர். இரண்டாம் புத்தகத்தில் இந்தப் போட்டியின் பழைய டேப்பைக் காட்னிஸும் பீட்டாவும் ரயிலில் உட்கார்ந்து பார்ப்பார்கள், நாமும் கூடவே பார்த்திருப்போம். அதில் ஹேமிட்ச் பெயரை அழைப்பார்கள், அவர் வருவார். புதுப் புத்தகத்தில்தான் தெரிகிறது, அழைத்தது அவர் பெயரையே இல்லை. சீட்டு விழுந்த பையன் ஓடப் பார்த்தான், அங்கேயே சுட்டுவிட்டார்கள். காதலிக்காகக் குறுக்கே வந்த ஹேமிட்சை இழுத்து அந்த இடத்தில் நிறுத்தி, கேமரா முன்னால் மறுபடி நடிக்கவைத்து ஒளிபரப்பினார்கள். கூட வந்த பெண் தேர் விபத்தில் செத்ததும் அவளைப் போலவே இருக்கிற இன்னொரு பிள்ளையைப் பிடித்து மருந்து கொடுத்து அதே பெயரில் களத்தில் இறக்கினார்கள். குலுக்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது என்று மேலே அத்தனை தைரியமாக எழுதினேனே, அதையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் படியுங்கள்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடக்கின்றன. டேப்பில் வருகிற ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பென்சிலில் டிக், பெருக்கல் குறி, சிலவற்றுக்குக் கேள்விக்குறி. கீழே ஒரு வரி: “சித்தி, 14 டிக்கெட்டு பெருக்கல் வந்திருக்கு, இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி.” டிக்கும் பெருக்கலும் என்று எழுத நினைத்திருப்பாள், போன் அதுவாகவே திருத்தியிருக்கும். இரண்டுமே என்னுடைய பிரதிகள். திரும்பி வரப்போவதில்லை என்று நினைக்கிறேன்.